பிள்ளையை வெளிநாடு அனுப்பமுன்: வன்னிக் குடும்பங்களுக்கான கடதாசி வழிகாட்டி

கிளிநொச்சியில் ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். கொப்பி எடுக்க வருபவர்களைவிடப் படிவம் நிரப்ப வருபவர்கள்தான் அதிகம். பள்ளிக்கூட விடுமுறை கிட்டினால் ஒரே கேள்வி ஒவ்வொரு நாளும் வரும். "தம்பி, மகளை மாமியோட லண்டனுக்கு விடப்போறம். அந்தக் கிளியரன்ஸ் லெட்டரை ஒருக்கா அடிச்சுத் தாங்கோவன்."

அப்படி ஒரு லெட்டர் இலங்கையில் இல்லை. பிலிப்பீன்ஸில் இருக்கிறது. அங்கே தாய் தகப்பன் இல்லாமல் பிள்ளை வெளிநாடு போவதென்றால் அரசாங்கத்தின் சமூக நலத் திணைக்களம் ஒரு பயண அனுமதிப் பத்திரம் கொடுக்க வேண்டும். யூடியூப்பில் அதைப் பார்த்துவிட்டுச் சிலர் இங்கேயும் தேடுகிறார்கள். "எடுத்துத் தாறன்" என்று சொல்லிப் பணம் வாங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற காசு தண்ணீரில் போட்ட காசு.

இங்கே நடப்பது வேறு. பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் சம்மதம், கடவுச்சீட்டு, போகிற நாட்டின் விசா என்று ஒன்றைப் பிடித்து ஒன்று வருகிற கடதாசிச் சங்கிலிதான் அனுமதி. கொழும்பில் இருக்கிற குடும்பத்துக்கு இந்தச் சங்கிலி அநேகமாக அறுவதில்லை. வன்னியில் அறும். பெரும்பாலும் தகப்பனுடைய கையெழுத்து வர வேண்டிய இடத்தில் அறும். அதனால் ரிக்கற் விலை பார்க்கமுன் அந்த இடத்தைப் பாருங்கள். இந்த வழிகாட்டியில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வயதுக் கணக்கு

இலங்கைச் சட்டப்படி ஒருவர் 18 வயதில் பராயமடைகிறார். 1989 வரை அது 21. ஆனால் அலுவலகங்கள் எல்லாவற்றையும் 18ஐ வைத்துப் பார்ப்பதில்லை. தேசிய அடையாள அட்டைக்கு 15 வயதில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்கத்தான் வேண்டும். கடவுச்சீட்டில் 16க்குக் கீழ் பிள்ளை, 16 முடிந்தால் வளர்ந்தவர். பிள்ளைக்கான கடவுச்சீட்டு 3 வருடந்தான் செல்லும். வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு போவதற்குக் குறைந்த வயது 21.

ஆக 16, 17 வயதுப் பிள்ளைகள் ஒரு இரண்டுங்கெட்டான் நிலையில் நிற்கிறார்கள். கையில் வளர்ந்தவருக்கான கடவுச்சீட்டு இருக்கும். ஆனால் போகிற நாட்டுத் தூதரகத்துக்கு அவர்கள் இன்னும் சிறுவர்தான். "அவனுக்குத்தான் பெரிய பாஸ்போட் கிடைச்சிட்டுதே, பிறகென்ன சம்மதக் கடிதம்?" என்று கேட்டு வந்து, விசா மறுக்கப்பட்ட பிறகு திரும்ப வந்தவர்கள் உண்டு. 18 நிறையும் வரைக்கும் பெற்றோரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பிறப்புச் சான்றிதழ்

பழைய, மடிப்பில் கிழிந்த, தண்ணீர் பட்ட பிரதியோடு அலைய வேண்டாம். புதிய பிரதி ஒன்று எடுங்கள். பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம். முல்லைத்தீவில் பிறந்த பிள்ளைக்கு வவுனியாவில் எடுப்பதில் தடையில்லை.

கையில் வந்ததும் கவுண்டரை விட்டு விலகமுன்பே மூன்று இடங்களைப் பாருங்கள்: பிள்ளையின் பெயர், தகப்பனின் முழுப்பெயர், தாயின் முழுப்பெயர். அவை பெற்றோரின் அடையாள அட்டையில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சான்றிதழில் 'சிவராஜா', அடையாள அட்டையில் 'சிவராசா' என்றிருந்தால் ஊரில் எவருக்கும் அது வேறு ஆளாகத் தெரியாது. விசா அதிகாரிக்குத் தெரியும். சின்ன வித்தியாசத்துக்கு இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக்கடதாசி சில வேளை போதும். பெயரே மாறியிருந்தால் பதிவைத் திருத்த விண்ணப்பிப்பதுதான் வழி. அது மாதக்கணக்கில் இழுபடும் வேலை. அதனால்தான் இதை முதல் படியாக வைத்தேன்.

எங்கள் வீட்டுக் கதையே ஒன்று இருக்கிறது. அக்காவின் மகனுக்குக் கடவுச்சீட்டு எடுத்தபோது அவனுடைய பெயரை ஆங்கிலத்தில் நான்தான் எழுதினேன், 'ழ'வுக்கு இரண்டெழுத்துப் போட்டு, அழகாக. அத்தானுடைய கடவுச்சீட்டில் அதே 'ழ' ஓரெழுத்தில் இருந்தது. தகப்பன் பெயரும் மகனின் கடைசிப் பெயரும் ஒத்துப்போகவில்லை. விசா கேட்ட இடத்தில் விளக்கக் கடிதம், சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பு என்று ஆறு வாரம் போனது. படிவம் நிரப்புகிறவன் வீட்டிலேயே இப்படி! பிள்ளையின் பெயரை ஆங்கிலத்தில் முதல் தரம் எழுதும்போது தாய் தகப்பனின் கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

இனி, பிறப்பே பதியப்படாத பிள்ளைகள். ஒரு பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். 3 மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவு. இறுதி யுத்தம் நடந்த 2009இன் முதல் ஐந்து மாதங்களில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு 42 நாட்களும் இருக்கவில்லை, பதிவாளரும் இருக்கவில்லை. செட்டிகுளத்து முகாம்களுக்கு வந்த பிறகு பலருக்குப் பதிந்தார்கள். சிலருக்கு விடுபட்டது. சிலருக்குத் திகதி மாறியது, சிலருக்கு இடம் மாறியது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கிராம அலுவலரின் கடிதம் போதுமாக இருந்ததால் யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது அந்தப் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வயதுக்கு வந்து, முதன்முறையாக அடையாள அட்டைக்கோ கடவுச்சீட்டுக்கோ போகும்போது பிரச்சினை வெளியில் வருகிறது. உங்கள் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். கிளினிக் அட்டை, தடுப்பூசி அட்டை, பள்ளி அனுமதிப் பதிவு, ஞானஸ்நானம் பெற்றிருந்தால் தேவாலயப் பதிவு என்று பழைய எழுத்து எது இருந்தாலும் தூக்கிக்கொண்டு போங்கள். நடமாடும் சேவை உங்கள் பிரிவுக்கு வருகிறது என்று கிராம அலுவலர் சொன்னால் அந்த நாளை விடாதீர்கள். தேவைப்படும் அதிகாரிகள் பலரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள்.

இந்தியாவில், அகதி முகாமில் இருந்தபோது பிறந்த பிள்ளைகளின் விடயம் தனி. மன்னாரிலும் வவுனியாவிலும் திரும்பி வந்த குடும்பங்கள் நிறைய. பிள்ளையிடம் தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அது பிறந்ததைக் காட்டுமே தவிர இலங்கைக் குடியுரிமையைக் காட்டாது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2) பிரிவின் கீழ்ப் பதிய வேண்டும். பிறந்து ஒரு வருடத்துக்குள் பதிவதுதான் விதி, பிந்தினாலும் காரணம் காட்டி விண்ணப்பிக்கலாம். இது முடியாமல் கடவுச்சீட்டுப் படிவத்தைத் தொடவே வேண்டாம்.

இரண்டாம் படி: தகப்பனின் கையெழுத்து

16க்குக் குறைந்த பிள்ளையின் கடவுச்சீட்டுக்குத் தாய், தகப்பன் இருவரின் சம்மதமும் கேட்பார்கள். இருவரும் ஊரில், ஒரே வீட்டில் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். இருவரும் அடையாள அட்டையோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு நேரே போனால் முடிந்தது.

தகப்பன் இறந்துவிட்டார், மரணச் சான்றிதழ் இருக்கிறது என்றாலும் சிக்கல் பெரிதில்லை. மூலப் பிரதியைக் கொண்டுபோங்கள்.

தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டவர் என்றால்? இந்தக் கேள்வியோடு வருகிற அம்மாமாரிடம் நான் சட்டத்தைச் சட்டென்று சொல்லத் தொடங்குவதில்லை. முதலில் ஒரு கதிரையை இழுத்துப் போடுவேன். 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம் காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி செய்தது. பலர் எடுக்க மறுத்தார்கள். படையினரிடம் கையில் பிடித்துக் கொடுத்த மனிதனைச் செத்ததாக எப்படி எழுதுவது என்று கேட்டார்கள். 2016இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு இன்னொரு வழி வந்தது. ஆள் இறந்ததாகச் சொல்லாமல், ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் அது. அதை எடுத்தால் தேடுவதற்கான உரிமை போய்விடாது. எந்த வழியை எடுப்பது என்று அந்தத் தாய்தான் முடிவு செய்ய வேண்டும். மாமனாரோ, ஏஜென்ரோ, கடைக்காரன் நானோ நெருக்கக் கூடாது.

இரண்டில் எதுவும் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கும், சான்றிதழ் மட்டும் போதாமல் போனவர்களுக்கும் மாவட்ட நீதிமன்றத்தில் பிள்ளையின் பொறுப்புக்கான கட்டளை பெறும் வழி இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போங்கள். வருமானத்தைப் பார்த்து இலவசமாகவே வழக்கை எடுப்பார்கள்.

தகப்பன் வெளிநாட்டில் இருக்கிறார் என்றால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சம்மதக் கடிதத்தில் கையெழுத்திட்டு, அவர்கள் உறுதிப்படுத்திய மூலப் பிரதியைத் தபாலில் அனுப்ப வேண்டும். வட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். இதுவரை எல்லாரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுகிற விடயம் ஒன்று இருக்கிறது. அந்தத் தகப்பன் அங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவராக இருக்கலாம். சொந்த நாட்டு அரசிடம் பயம் என்று எழுதிக் கொடுத்தவர் அதே நாட்டின் தூதரகப் படியில் ஏறினால் அது அவருடைய வழக்கைப் பாதிக்கலாம். மனைவி இங்கிருந்து "ஒரு கையெழுத்துத்தானே, போய் வையுங்கோவன்" என்று அழுத்தமுன், அவர் அங்குள்ள தன் வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். கூடாது என்று வழக்கறிஞர் சொன்னால், இங்கே தாய் நீதிமன்றக் கட்டளை பெறுவதைப் பற்றி யோசியுங்கள். நேரமெடுக்கும். ஆனால் அங்கே வழக்கு கெட்டுப்போகாது.

பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் சம்மதிக்க மறுத்தால் அதுவும் நீதிமன்ற விடயந்தான். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பிள்ளையைக் கொண்டுபோய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். பிள்ளையை ஒரு பெற்றோர் சட்டவிரோதமாக வெளிநாடு கொண்டுபோவது பற்றிய ஹேக் உடன்படிக்கையில் இலங்கை இருக்கிறது. அதற்கான சட்டம் 2001இல் வந்தது. அந்த உடன்படிக்கை செல்லுபடியாகும் நாடென்றால் பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி அங்குள்ள நீதிமன்றம் கட்டளையிடலாம்.

அம்மம்மாவோ சித்தியோ வளர்க்கிற, பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்குக் கிராம அலுவலரின் கடிதம் மட்டும் பாதுகாவலர் என்ற தகுதியைத் தராது. "பிறந்ததிலிருந்து நான்தானே வளர்த்தனான்" என்பது முழு உண்மை. ஆனாலும் நீதிமன்றக் கட்டளை எடுங்கள். சிறுவர் இல்லத்தில் இருக்கிற பிள்ளை என்றால் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தைக் கேட்காமல் எந்த அடியும் வைக்கக் கூடாது.

மூன்றாம் படி: கடவுச்சீட்டு

மேலே உள்ளவை சரியென்றால் இது இலகு. கே 35 ஏ என்ற படிவம், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கிறது, என் மாதிரிக் கடைகளிலும் இருக்கும். வன்னிக்குக் கிட்டிய அலுவலகம் வவுனியாவில். 2025 செப்டெம்பர் 1 முதல் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலும் ஓர் அலுவலகம் இயங்குகிறது. பரந்தன், பூநகரிப் பக்கத்து ஆட்களுக்கு அது கிட்ட. மாங்குளத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு வவுனியாதான் வசதி. தலைமை அலுவலகம் பத்தரமுல்லையில்.

படத்தைத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். அவர்கள் படத்தை நேரே இணையத்தில் அனுப்பிவிட்டு உங்களுக்கு ஒரு ரசீது தருவார்கள். அந்தத் துண்டைத் தொலைக்க வேண்டாம். 16 முடிந்தவர்களுக்குக் கைரேகை எடுப்பார்கள். கட்டணமும் திகதி ஒதுக்கும் முறையும் அடிக்கடி மாறுகின்றன. போகமுன் 1962க்கு அழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு கணக்கு. பிள்ளைக்கு 15 வயதும் சில மாதமும் என்றால், பயணம் அவசரமில்லாவிட்டால் 16 முடியும் வரை பொறுத்து வளர்ந்தவருக்கான கடவுச்சீட்டையே எடுங்கள். 3 வருடச் சீட்டுக்குக் கொடுக்கிற காசு மிச்சம். அதோடு பல நாடுகள் பயணத் திகதியிலிருந்து 6 மாதமாவது கடவுச்சீட்டுச் செல்ல வேண்டும் என்று கேட்கும். 3 வருடச் சீட்டில் கடைசி 6 மாதத்தைக் கழித்தால் மிஞ்சுவது இரண்டரை வருடந்தான்.

நான்காம் படி: சம்மதக் கடிதம்

"கிளியரன்ஸ் லெட்டர்" என்று எல்லாரும் கேட்பதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது இதுதான். இதை அரசாங்கம் தருவதில்லை, தாயும் தகப்பனும் எழுத வேண்டும். இலங்கை விமான நிலையத்தைவிடப் போய் இறங்கும் இடத்திலும் விசா கேட்கும் இடத்திலுமே இது அதிகம் தேவைப்படும். ஆங்கிலத்தில் எழுதி, பிரசித்த நொத்தாரிசு முன்னால் இருவரும் கையெழுத்திட வேண்டும். உள்ளூர் அலுவல்களுக்குச் சமாதான நீதவானின் முத்திரை போதும், வெளிநாட்டுக்கு நொத்தாரிசே நல்லது. உள்ளடக்கம் தமிழில் இப்படி இருக்கும்:

"பிறந்த திகதி ........., கடவுச்சீட்டு இலக்கம் ......... உடைய எங்கள் மகள் ........., தகப்பனின் சகோதரியும் பிள்ளையின் மாமியுமான ......... (கடவுச்சீட்டு இலக்கம் .........) உடன், ......... திகதி முதல் ......... திகதி வரை ......... நாட்டுக்குப் பயணம் செய்வதற்கு நாங்கள் இருவரும் முழுமனதோடு சம்மதிக்கிறோம். அங்கே பிள்ளை ......... என்ற முகவரியில் ......... உடன் தங்குவார். பயணச் செலவை ......... பொறுப்பேற்கிறார். அவசர மருத்துவச் சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவிக்கும் அதிகாரத்தை ......... அவர்களுக்கு அளிக்கிறோம்."

கீழே இருவரின் கையெழுத்து, அடையாள அட்டை இலக்கம், இரவிலும் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம். விமானம் இறங்குகிற நேரம் இங்கே நடுச்சாமமாக இருக்கலாம், போன் சைலன்றில் கிடக்கக் கூடாது.

திரும்பி வரும் திகதியை எழுதாமல் விடுகிறார்கள். "அங்க போய்ப் பாத்துச் சொல்லலாம்" என்பது வீட்டுக்குச் சரி. கடிதத்தில் அப்படி இருந்தால் பிள்ளையை அங்கே விட்டுவிடத்தான் கொண்டுபோகிறார்கள் என்று அதிகாரி நினைப்பார். மருத்துவ வரியையும் பலர் மறக்கிறார்கள். கூட்டிப் போன மாமிக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லை என்பது பிள்ளை காய்ச்சலில் விழுந்த பிறகுதான் தெரியவரும்.

பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருப்பதால் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். மாமி பிள்ளைக்கு என்ன உறவு என்று காட்ட மாமியின் பிறப்புச் சான்றிதழும் தகப்பனின் பிறப்புச் சான்றிதழும் உதவும். ஒரே தாய் தகப்பன் பெயர் இரண்டிலும் இருக்கும் அல்லவா? சில நாடுகள் வெளிநாட்டமைச்சின் கொன்சியூலர் பிரிவு உறுதிப்படுத்திய ஆவணங்களைக் கேட்கும். அதற்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் உண்டு, கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: போகிற நாடு என்ன கேட்கிறது

எல்லா நாட்டையும் எழுதப் போவதில்லை, எங்கள் ஆட்கள் போகிற நாடுகள் மட்டும்.

பிரித்தானியா: பிள்ளைக்கான வருகை விசாவில், யாரோடு பயணம் செய்கிறது என்று பெரியவரின் விவரமும் இணைந்திருக்கும். மாமியின் பெயரில் விசா எடுத்துவிட்டு, கடைசி நேரத்தில் மாமிக்கு லீவு கிடைக்கவில்லை என்று பெரியப்பாவோடு அனுப்பினால் அங்கே உள்ளே விடாமல் போகலாம். விண்ணப்பத்தில் இரண்டு பெரியவர்களைக் குறிப்பிடலாம், இரண்டையும் பாவியுங்கள். தனியாகப் போகிற பிள்ளை என்றால் அங்கே யார் கூட்டிப்போவார், எங்கே தங்கும் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும்.

கனடா: 18க்குக் குறைந்தவர் பெற்றோர் இல்லாமல் போனால் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியும் கையில் இருக்க வேண்டும். படிக்கப் போகும் 17க்குக் குறைந்த பிள்ளைக்குக் கனடாவில் ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். அவரும் பெற்றோரும் நொத்தாரிசு உறுதிப்படுத்திய பொறுப்பாளர் படிவம் கொடுக்க வேண்டும். பராய வயதும் எல்லா மாகாணத்திலும் ஒன்றில்லை: ஒன்ராறியோவில் 18, பிரிட்டிஷ் கொலம்பியாவில் 19.

பிரான்ஸ், சுவிஸ், ஜெர்மனி போன்ற ஷெங்கன் நாடுகள்: விண்ணப்பத்தில் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். 12 வயதுக்குக் குறைந்தவருக்குக் கைரேகை இல்லை. 6 வயதுக்குக் குறைந்தவருக்கு விசாக் கட்டணம் இல்லை, 6 முதல் 12க்குள் பாதிக் கட்டணம்.

இந்தியா: பக்கத்து நாடு, போவதும் சுலபம். பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருக்கிறது, காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் 2023 ஒக்டோபரில் தொடங்கியது. விசா மட்டும் கட்டாயம், கைக்குழந்தைக்கும். பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும். வைத்தியத்துக்கோ கோயிலுக்கோ என்று புறப்படும் குடும்பங்கள் பெரியவர்களுக்கு எடுத்துவிட்டுக் குழந்தையை மறந்து வந்து நிற்பதை இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

ஆறாம் படி: விமான நிலையம்

தனியாகப் பறக்கும் பிள்ளை என்றால் ரிக்கற் எடுக்கும்போதே சொல்லுங்கள். பெரும்பாலான விமான நிறுவனங்கள் 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தனியாக ஏற்றுவதில்லை. 5 முதல் 11 வயது வரை தங்கள் ஊழியர் பொறுப்பில் கூட்டிப்போகும் சேவையைக் காசு கட்டி எடுக்கச் சொல்வார்கள். இணையத்தில் மலிவாகப் பிடித்த ரிக்கற்றில் அந்தச் சேவை சேர்ந்திருக்காது.

ஒரு பிளாஸ்ரிக் கோப்பில் எல்லாவற்றையும் போட்டு, கையில் வைத்திருங்கள். கையில்! தெரிந்த ஒரு குடும்பத்தில் மாமி பத்திரமாக இருக்கட்டும் என்று சம்மதக் கடிதத்தைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டிப் பெல்ற்றில் போட்டுவிட்டார். குடியகல்வு மேசையில் கடிதத்தைக் கேட்டார்கள். பெட்டி விமானத்தின் வயிற்றுக்குள். போனில் தாயோடு கதைத்து, தகப்பனோடு கதைத்து, கடைசி அழைப்புக்கு ஓடினார்கள்.

பிள்ளையிடமும் கேள்வி கேட்பார்கள். யாரோடு போகிறாய், அவர் உனக்கு என்ன முறை, எங்கே தங்குவாய், எப்போது திரும்புவாய் என்பது போல. பாடமாக்கி ஒப்புவிக்க வைக்க வேண்டாம், பயணத்தைப் பற்றிப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லியிருந்தாலே போதும். ஒரு சின்ன விடயம்: எங்கள் பிள்ளைகள் தூரத்து உறவையும் 'சித்தி', 'மாமா' என்பார்கள். கடிதத்தில் 'தாயின் ஒன்றுவிட்ட சகோதரி' என்று இருக்க, பிள்ளை 'சித்தி, அம்மான்ர தங்கச்சி' என்று சொன்னால் கேட்பவருக்குச் சந்தேகம் வரும். சரியான உறவை வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

18 தாண்டியவர்களுக்கு

18 முடிந்தவருக்குப் பெற்றோரின் சம்மதம் தேவையில்லை. ஆனால் 18இலிருந்து 25 வரை உள்ள வன்னிப் பெடியளையும் பெட்டையளையும்தான் ஏஜென்ற்மார் தேடி வருகிறார்கள். அதனால் இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள்.

வேலைக்குப் போவதென்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துவிட்டே போக வேண்டும். முகவர் நிலையம் அனுமதிப்பத்திரம் உள்ளதா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். இரண்டு நிமிட வேலை. வீட்டுப் பணிக்குப் போகும் பெண்ணின் குறைந்த வயது 2022இல் எல்லா நாட்டுக்கும் 21 ஆக்கப்பட்டது. அதற்கு முன் சவூதிக்கு 25. வயதைக் கூட்டிக் கடதாசி செய்து தருகிறோம் என்பவரோடு கதையை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

"விசிற் விசாவில போ, அங்க போய் வேலை விசாவா மாத்தலாம்" என்ற சொல்லைக் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். 2022இல் ஓமானில் அகப்பட்ட இலங்கைப் பெண்களில் பலர் அப்படித்தான் கொண்டுபோகப்பட்டார்கள். கணினி வேலை என்று தாய்லாந்துப் பக்கம் போய், மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்ட இளைஞர்களின் செய்தி 2024 முழுவதும் வந்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவுக்கு என்று புறப்பட்ட வடக்குப் பெடியள் ரஷ்யப் படையில் சேர்க்கப்பட்டதையும் கேட்டோம். 2022 நவம்பரில் கனடா போகக் கப்பலேறி, வியட்நாமுக்கு அப்பால் கடலில் தத்தளித்த 300க்கும் மேற்பட்டவர்களில் எங்கள் ஊர்க்காரரும் இருந்தார்கள். அவர்களில் பலரிடம் சட்டப்படியான கடவுச்சீட்டுத்தான் இருந்திருக்கும். கடவுச்சீட்டுக்குப் பிறகு வந்த கடதாசிதான் பொய்.

தாய் தகப்பனிடம் சேரப் போகிறவர்களுக்கு வயது ஒரு கதவு மாதிரி, மூடிவிடும். பிரித்தானியாவில் விண்ணப்பிக்கும் நாளில் 18க்குக் கீழ் இருக்க வேண்டும். கனடாவில் 22க்குக் கீழ், திருமணம் ஆகாதவர். சுவிஸில் பொதுவான குடும்ப இணைவு விதிப்படி 5 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், பிள்ளை 12 வயதைத் தாண்டியிருந்தால் 12 மாதந்தான் தவணை. "ஓ.எல் எடுக்கட்டும், பிறகு பாப்பம்" என்று தள்ளிப்போட்டு அந்தத் தவணையைத் தவறவிட்ட தகப்பன்மாரை எனக்குத் தெரியும். கவலை என்னவென்றால், காரணம் நல்ல காரணம்.

குடியேறவோ படிக்கவோ போகும் 18 முடிந்தவரிடம் பொலிஸ் நற்சான்றிதழும் கேட்கலாம். இணையத்தில் விண்ணப்பித்தால் நீங்கள் வாழ்ந்த முகவரிகளை உள்ளூர்ப் பொலிஸ் மூலம் சரிபார்ப்பார்கள். இடம்பெயர்ந்து நாலைந்து முகவரி மாறியவர்கள் நிறைய. அடையாள அட்டையில் உள்ள முகவரிக்கும் இப்போது இருக்கிற முகவரிக்கும் இடையில் வித்தியாசம் இருந்தால், கிராம அலுவலரிடம் வதிவிடச் சான்றிதழை முதலில் எடுத்து வையுங்கள்.

புறப்படும் நாளுக்கு முன் கடவுச்சீட்டு, விசா, ரிக்கற், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றிலும் இரண்டு கொப்பி எடுங்கள். ஒன்று போகிறவரின் பையில், மற்றது வீட்டில் அம்மாவிடம். ஏஜென்ரின் அடையாள அட்டைக் கொப்பியையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் ரிக்கற்றை மறந்துவிட்டு 1989க்கு அழையுங்கள். 18க்குக் குறைந்த பிள்ளையை யாராவது அப்படிக் கொண்டுபோகப் பார்த்தால் அழைக்க வேண்டியது சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929.